மைனஸ் இருபதில் நாயும் பூனையும்: ஸ்காபரோ வீடுகளுக்கு ஒரு குளிர்காலக் குறிப்பு

ஜனவரி இரவு. பக்கத்து வளவில் கட்டிப்போட்ட நாய் ஒன்று பனிக்குள் நின்று நடுங்குகிறது. யாருக்குத் தொலைபேசி எடுப்பது? ஒருவர் 911 என்பார், இன்னொருவர் ஹ்யூமேன் சொசைட்டி என்பார், மூன்றாமவர் "பக்கத்து வீட்டுப் பிரச்சினை எங்களுக்கு எதுக்கு" என்பார். மைனஸ் 20-இல் இந்தக் குழப்பம் ஒரு மணித்தியாலத்தைத் தின்றுவிடும். அந்த ஒரு மணித்தியாலம்தான் சின்ன நாய்க்குக் காதும் வாலும் போகும் நேரம். ஆகவே எண்களை முதலில் பார்த்துவிடுவோம். உப்பு, சப்பாத்து, தைலம் எல்லாம் பிறகு.

கனடாவின் ரொறன்ரோவுக்குள் (ஸ்காபரோவும் அதன் ஒரு பகுதிதான்) முதல் எண் 311. இருபத்துநாலு மணித்தியாலமும் எடுப்பார்கள். வேறு நகரத்திலிருந்து அழைத்தால் 416-392-2489. மாநகரசபையின் விலங்குச் சேவைப் பிரிவு இதன் பின்னால் இருக்கிறது. உரிமையாளர் இல்லாமல் தெருவில் திரியும் நாய், காயப்பட்ட தெருப்பூனை, நோயுற்ற றக்கூன், வீதியில் செத்துக் கிடக்கும் அணில், நாய்க்கடி, கயிறு இல்லாமல் விடப்பட்ட நாய் என்பவை அவர்களுடைய வேலை. ஸ்காபரோவுக்கான காப்பகம் 821 புரோகிரஸ் அவெனியூவில் உள்ளது. இது ரொறன்ரோ எல்லைக்குள் மட்டும்தான். பிரம்டனுக்கும் மிசிசாகாவுக்கும் தனித்தனி விலங்குச் சேவை உண்டு. மற்ற நகரங்களில் இருப்பவர்கள் தங்கள் நகரசபையின் எண்ணைக் கண்டுபிடித்து இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

311 செய்யாத வேலைகளும் உண்டு. கூரைக்குள் குடியேறிய சுகமான றக்கூனைப் பிடித்துப்போக அவர்கள் வரமாட்டார்கள். அதற்குக் காசு கொடுத்துத் தனியார் ஆட்களைத்தான் பிடிக்க வேண்டும். "பிடித்து அல்கொன்குவின் காட்டில் விடுவோம்" என்று ஒருவர் விலை சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். ஒன்ராறியோவில் பிடித்த காட்டுவிலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விடவேண்டும் என்பது சட்டம். நடுக் குளிர்காலத்தில் தெரியாத இடத்தில் விட்டால் அது உணவும் பொந்தும் தேடிக்கொண்டே சாகும்.

கொடுமை, புறக்கணிப்பு என்றால் எண் வேறு: 1-833-926-4625. மாகாணத்தின் விலங்கு நலச் சட்டம் 2020 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த வேலை மாகாண அரசின் பரிசோதகர்களிடம் போய்விட்டது. முன்பு இதைச் செய்தது ஒரு தொண்டு நிறுவனம். அதனால்தான் பழைய ஆட்கள் இன்னும் அங்கே அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்டனை லேசானதில்லை. கடுமையான குற்றத்துக்கு, முதல் தடவையே, தனிநபருக்கு 130,000 டொலர் வரை அபராதமும் இரண்டு வருடம் வரை சிறையும் விதிக்கலாம். வெளியே வளர்க்கும் நாய்க்குக் காற்றும் ஈரமும் புகாத, குளிர்காப்பு உள்ள கூடு இருக்க வேண்டும். கட்டும் கயிறு குறைந்தது 3 மீற்றர் நீளம் வேண்டும். ஊரில் கொய்யா மரத்தடியில் ஆறு அடிச் சங்கிலியில் நாயைக் கட்டி வளர்த்த பழக்கம் இங்கே சட்டப்படி தவறு.

பனிக்குளிரில் காருக்குள் பூட்டிய நாயைக் கண்டால்? எஞ்ஜின் நின்ற கார் குளிர்சாதனப் பெட்டி மாதிரி. கண்ணாடியை உடைக்கும் அதிகாரம் பொலிசுக்கும் மாகாணப் பரிசோதகருக்கும் உண்டு, பொதுமக்களுக்கு இல்லை. உயிர் போகும் நிலை என்றால் 911. கடை வாசலில் என்றால் கடைக்குள் சொல்லி, இலக்கத் தகட்டை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்வதுதான் பெரும்பாலும் விரைவாகப் பலிக்கும்.

அழைக்கும்போது என்ன சொல்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எங்கட தெருவில ஒரு நாய் பாவம்" என்றால் ஆள் அனுப்ப முடியாது. வீட்டிலக்கம், அருகிலுள்ள சந்தி, முன் வளவா பின் வளவா, நாயின் நிறமும் அளவும், எத்தனை மணியிலிருந்து வெளியே நிற்கிறது, கூடு உண்டா, தண்ணீர்ப் பாத்திரத்தில் தண்ணீரா ஐஸா, நடுங்குகிறதா, படுத்துவிட்டதா என்று சொல்லுங்கள். முடிவில் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் நிலைமை மோசமானால் அந்த இலக்கத்தைச் சொல்லி மறுபடி அழைக்கலாம். நேரத்தோடு படம் எடுப்பது நல்லது, ஆனால் உங்கள் பக்கத்து வேலிக்குள் நின்று. அவர்களுடைய வளவுக்குள் போய் நாயை அவிழ்த்துக்கொண்டு வந்தால் முறைப்பாடு உங்கள் மேல் திரும்பும்.

உறைந்த குளத்தில் நாய் விழுந்தால் 911 ஒன்றுதான். பின்னால் போகாதீர்கள். நாயைத் தாங்காத ஐஸ் உங்களைத் தாங்காது.

எந்தக் குளிர் எந்த நாய்க்கு

எல்லா நாய்க்கும் ஒரே வெப்பமானி பொருந்தாது. ஹஸ்கிக்கு மைனஸ் 15 உலாவப் போகும் நாள். சிவாவாவுக்கோ மெல்லிய ஒற்றை மயிருள்ள எந்த நாய்க்கோ பிளஸ் 5-இலேயே உடம்பு கூசத் தொடங்கும். பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளலாம். பூச்சியத்துக்குக் கீழே சின்ன நாய், குட்டி, கிழநாய், மெலிந்த நாய், தைரொயிட் அல்லது இதய வருத்தமுள்ள நாய் ஆகியவற்றுக்கு மேலுடுப்பு. மைனஸ் 7-க்குக் கீழே அவற்றுக்கு ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் நேரம் மட்டும். மைனஸ் 12-க்குக் கீழே தடித்த மயிருள்ள பெரிய நாயையும் கண்காணிப்போடுதான் வெளியே விடலாம். காற்றும் ஈரமும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். மைனஸ் 2-இல் ஈரப்பனி பெய்து மயிர் தோல்வரை நனைந்தால், உலர்ந்த மைனஸ் 10-ஐ விட அது மோசம்.

மேலுடுப்பு முதுகை மட்டும் மூடினால் அது அலங்காரம். நெஞ்சும் வயிறும் மூடப்பட வேண்டும், ஏனென்றால் அங்கேதான் மயிர் குறைவு, பனியும் அங்கேதான் உரசும். நனைந்த உடுப்பை வீட்டுக்குள் வந்ததும் கழற்றுங்கள்.

காது நுனி, வால் நுனி, விரல்கள், ஆண்நாயின் விதைப்பை. பனிக்கடி தொடங்கும் இடங்கள் இவை. முதலில் அந்த இடம் வெளிறும், அல்லது சாம்பல், நீலம் பாயும், தொட்டால் குளிரும். சூடேறும்போது சிவந்து வீங்கி நோகும். கறுப்பது சில நாள் கழித்துத்தான். அதனால் "ஒண்டும் இல்லை, சரியாப் போச்சு" என்று முதல் நாளே முடிவெடுக்க வேண்டாம். தேய்க்கக் கூடாது, ஏனென்றால் உறைந்த திசு கண்ணாடித்தூள் போல உள்ளேயே கிழியும். தலைமயிர் உலர்த்தியும் வேண்டாம், ஹீட்டிங் பேடும் வேண்டாம். மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். கைக்கு இதமான, 40 பாகை அளவு சூடுள்ள தண்ணீரில் நனைத்த துணியை மெதுவாக வைத்து, ஒற்றி உலர்த்தி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். போகும் வழியில் மறுபடி உறையும் நிலை இருந்தால் இளக்கவே வேண்டாம். இளகி மறுபடி உறைந்தால் சேதம் இரட்டிப்பு.

உடம்பின் சூடே விழுவது இதைவிட அவசரம். நாய், பூனை இரண்டுக்கும் இயல்பான வெப்பம் சுமார் 38 முதல் 39.2 பாகை. மலவாயில் வைக்கும் டிஜிற்றல் வெப்பமானி ஒன்றைக் கொஞ்சம் வாசலீனோடு தனியாக எடுத்து வையுங்கள், வீட்டு ஆட்களுடையதோடு கலக்காமல். 37-க்குக் கீழே என்றால் சூடேற்றத் தொடங்கி வைத்தியரை அழையுங்கள். 35-க்குக் கீழே என்றால் உடனே புறப்படுங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் "ஆறுதல் அடைந்துவிட்டது" என்று நினைப்பது வழக்கமான பிழை. நடுங்கும் சக்தியும் போய்விட்டது என்பதே அதன் பொருள். துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல்களை நெஞ்சோரம், கக்கத்தில், தொடையிடுக்கில் வையுங்கள். கால்களை முதலில் சூடாக்கினால் அங்கிருந்து குளிர்ந்த இரத்தம் இதயத்துக்கு ஓடும்.

உப்பு

ரொறன்ரோ நடைபாதையில் போடுவது பெரும்பாலும் சாதாரணக் கல்லுப்புத்தான், நாங்கள் கறிக்குப் போடும் அதே சோடியம் குளோரைட்டு. மைனஸ் 10 அளவுக்குக் கீழே அது மந்தமாகிவிடும். அதனால் கடுங்குளிருக்கென்று விற்கும் பைகளில் கல்சியம் குளோரைட்டு சேர்ப்பார்கள். அது தண்ணீரில் கரையும்போது சூட்டைக் கக்கும். பனியை விரைவாக இளக்க உதவுவதும் அந்தச் சூடுதான், நாயின் விரலிடுக்கில் இருக்கும்போது எரிப்பதும் அந்தச் சூடுதான்.

பாதத்தில் நடப்பது இது. குளிரிலும் வீட்டு ஹீட்டரிலும் பாதமெத்தை காய்ந்து வெடிக்கும். வெடிப்புக்குள் உப்புப் பரல் புகும். நாய் எரிச்சலில் நக்கும். நக்கிய உப்பு வயிற்றுக்குப் போய் வாந்தி, தாகம். டிரைவ்வேயில் கொட்டுண்ட உப்பைக் கணிசமாகத் தின்றால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். உப்புப் பையை கராஜில் திறந்தபடி வைக்காதீர்கள்.

வாசலில் ஒரு அகலப் பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய துவாயும் வையுங்கள். ஒவ்வொரு காலையும் முக்கி, விரல்களை விரித்து இடையில் கழுவி, உலர்த்துங்கள். துடைப்பது மட்டும் போதாது, துணி மேற்பரப்பை எடுக்கும், இடுக்கில் உள்ளதை அழுத்திவிடும். குட்டைக்கால் நாயென்றால் வயிற்றையும் கழுவ வேண்டும். விரலிடுக்கில் பனி உருண்டை கட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், மயிரோடு தோலும் வரும், தண்ணீரில் தானே இளகும். அந்த மயிரைப் பாதமெத்தை மட்டத்துக்கு வெட்டிவிட்டால் உருண்டையே கட்டாது.

வெளியே போகுமுன் பூசுவதற்குத் தேன்மெழுகு சேர்ந்த பாதக் களிம்பு நல்லது. தேங்காயெண்ணெய் பூசுவது எங்கள் வீடுகளில் வழமை. வீட்டுக்குள் தோலை மென்மையாக்க அது உதவும், ஆனால் பனியில் காவலாக நிற்காது. நாய் வாசலைத் தாண்டுமுன் பாதி நக்கப்பட்டிருக்கும், மீதி தரையில் வழுக்கும். மெழுகு ஒட்டி நிற்கும்.

சப்பாத்துத்தான் உண்மையான தீர்வு, அளவு சரியென்றால். ஒரு தாளில் நாயின் முன்காலை வையுங்கள், மற்ற முன்காலைத் தூக்கிப் பாரம் முழுவதும் இதில் விழச் செய்யுங்கள், விரல் விரிந்த நிலையில் அகலத்தைக் குறியுங்கள். பின்கால் பொதுவாகச் சிறிது ஒடுக்கம், அதையும் தனியே அளக்க வேண்டும். பட்டி, பாதத்துக்கு மேலே ஒடுங்கும் இடத்தில் இறுக வேண்டும். இறுக்கம் கூடினால் இரத்தம் ஓடாமல் பனிக்கடியைச் சப்பாத்தே கொண்டுவரும். முதல் வாரம் வீட்டுக்குள் ஐந்தைந்து நிமிடம் பழக்குங்கள், நாய் சர்க்கஸ் குதிரை மாதிரி நடக்கும், சிரித்து முடியுங்கள். வெளியே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே பனி புகுந்ததா என்று பாருங்கள். நனைந்த சப்பாத்தோடு நடப்பதைவிட வெறுங்கால் மேல்.

உங்கள் சொந்தப் படிக்கட்டுக்கு உப்பே வேண்டாம் என்றால் மணல் போடலாம். பனி இளகாது, வழுக்காது.

உப்போடு சேர்ந்த இன்னொரு ஆபத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். 2008 முடிவிலும் 2009 தொடக்கத்திலும் ரொறன்ரோ நடைபாதைகளில் மின்சாரம் தாக்கி நாய்கள் இறந்தன. தெருவிளக்கு வயர்கள் சந்திக்கும் நிலக்கீழ்ப் பெட்டிகளின் உலோக மூடிகளில் மின் கசிவு இருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி வயரின் உறையை அரிக்கும், தானே மின்சாரத்தைக் கடத்தவும் செய்யும். ரப்பர் அடி போட்ட எங்களுக்கு ஒன்றும் தெரியாது, வெறும் ஈரக்காலோடு நிற்கும் நாய்க்குத்தான் அடிக்கும். அதன்பின் மின்சார நிறுவனம் நகரம் முழுவதும் மூடிகளைச் சோதித்துத் திருத்தியது. என்றாலும் பனி இளகும் நாளில் உலோக மூடிகளையும் விளக்குக் கம்பங்களின் அடியையும் விலகி நடப்பது நல்லது. நாய் திடீரென்று வீரிட்டுத் துள்ளினால் கையால் பிடிக்கவேண்டாம், கயிற்றைப் பிடித்து இழுத்து அப்பால் எடுங்கள், பிறகு 911.

இனிப்பான பச்சைத் தண்ணீர்

காரின் கூலன்ற், அதாவது அன்ரிஃப்ரீஸ், பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல். இனிக்கும். அதுதான் பிரச்சினை. கலப்பில்லாத திரவத்தில் பூனைக்குச் சாவளவு கிலோவுக்குச் சுமார் 1.5 மில்லிலீற்றர். நாலு கிலோப் பூனை என்றால் ஒரு தேக்கரண்டியும் கொஞ்சமும். நாய்க்குக் கிலோவுக்குச் சுமார் 6 மில்லிலீற்றர், பத்துக் கிலோ நாய்க்குக் கால் கப். பூனை அதைக் குடிக்கவும் தேவையில்லை, சிந்தியதில் நடந்துவிட்டுக் காலை நக்கினால் போதும்.

இதன் போக்கு ஏமாற்றும். முதல் அரை மணித்தியாலத்திலிருந்து வெறிகொண்ட ஆள் மாதிரித் தள்ளாடும், வாந்தி எடுக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும். பன்னிரண்டு மணித்தியாலமளவில் நாய் தேறியது போலத் தெரியும். "விடிஞ்சாப் பாப்பம்" என்று விடுவது இந்த இடத்தில்தான். அதற்குள் ஈரல் அதை அமிலங்களாக மாற்றி, அவை கல்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் பளிங்காகப் படியும். நாய்க்கு ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாளுக்குள், பூனைக்கு ஒரு நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். மாற்றுமருந்து உண்டு, ஃபொமெபிசோல். அது ஈரல் மாற்றுவதைத் தடுக்கும் மருந்து, மாறி முடிந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. பூனைக்கு முதல் மூன்று மணித்தியாலத்துக்குள், நாய்க்கு எட்டு முதல் பன்னிரண்டுக்குள். 311-க்கு அடிக்க வேண்டாம், அவர்கள் வீட்டு நாய்க்கு வைத்தியம் பார்ப்பதில்லை. இரவு திறந்திருக்கும் மிருக வைத்தியசாலைக்கு நேரே போங்கள், போத்தலையும் எடுத்துக்கொண்டு. வழியில் நச்சு ஆலோசனைக்கு 1-855-764-7661 அல்லது 1-888-426-4435 அழைக்கலாம், கட்டணம் உண்டு.

புரொப்பிலீன் கிளைக்கோல் உள்ள கூலன்ற் வாங்கினால் ஆபத்து மிகக் குறைவு, உங்கள் காருக்குப் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கண்ணாடி கழுவும் அந்த நீலத் தண்ணீரில் மெதனோல் இருக்கிறது, அதுவும் நஞ்சு. சிந்தினால் பூனையின் கழிவுப் பெட்டிக்குப் போடும் உறிஞ்சு மண்ணைக் கொட்டி அள்ளி, குப்பையில் இறுக்கக் கட்டிப் போடுங்கள். காலையில் காரை எடுக்குமுன் பொனற்றில் இரண்டு தட்டு. இரவில் எஞ்ஜின் சூட்டுக்குத் தெருப்பூனை ஏறிப் படுத்திருக்கும்.

தைலம், பனடோல், புக்கை

மூக்கடைப்புக்குச் சித்தாலேப, விக்ஸ், கோடாலித் தைலம் பூசாத தமிழ் வீடு இங்கே குறைவு. கற்பூரம், யூக்கலிப்டஸ், மெந்தோல், சில தைலங்களில் மெதில் சாலிசிலேற்றும் சேர்ந்திருக்கும். பூனையின் ஈரலுக்கு இவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. பூனைக்குத் தும்மல் என்று நெஞ்சில் பூசுவது பாசத்தில் செய்யும் நஞ்சூட்டல். நீங்கள் பூசிய கையை நக்கவிடுவதும் அதே கதை. ஆவி பிடிக்கும் அறையில் பூனையைப் பூட்டாதீர்கள். சுவாமித்தட்டில் கற்பூரக் கட்டி எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

பனடோல் (பராசிற்றமோல்) அதைவிட மோசம். ஒரே ஒரு 500 மில்லிகிராம் குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். பல்முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும், மூச்சிரைக்கும். நாய்க்கும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

தைப்பொங்கல் இங்கே நடுக் குளிருக்குள் வருகிறது. விருந்தாளிகள் வருவார்கள், நாய்க்கு ஆளாளுக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள். சர்க்கரைப் புக்கையில் போடும் பிளம்ஸ், அதாவது உலர்திராட்சை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் கெடும் என்பது நாய்க்கு நாய் வேறுபடுவதால் "கொஞ்சம்தானே" என்ற கணக்கு செல்லாது. வெங்காயம் வதங்கிய குழம்பும் ஆகாது, அது சிவப்பணுக்களை உடைக்கும்.

கிளி, லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜன்னல் எல்லாம் பூட்டிய குளிர்கால வீட்டில் நொன்ஸ்டிக் தோசைக்கல்லை வெறுமையாகக் கடுஞ்சூட்டில் விட்டால் அதன் பூச்சிலிருந்து எழும் புகை பறவையை நிமிடங்களில் கொல்லும். உங்களுக்கு மணமே தெரியாது. கூட்டைக் குசினிப் பக்கமே வைக்காதீர்கள், தோசைக்கு இரும்புக்கல்லைப் பாவியுங்கள். சாம்பிராணிப் புகையும் அவற்றின் நெஞ்சுக்குக் கூடாது.

காகத்துக்கு வைத்த சோறு யார் தின்கிறார்?

சனி விரதத்துக்கும் திவசத்துக்கும் காகத்துக்குப் படைப்பது எங்கள் வழக்கம். பின் வளவில் வைத்த சோற்றைக் காகம் வருமுன் எலி தின்னும், இரவில் றக்கூன் வரும், அவற்றைத் தேடிக் கயோட்டி (நரி போன்ற காட்டு விலங்கு) வரும். 2023-இல் திருத்திய ரொறன்ரோ விலங்குப் பைலாவின்படி (நகரசபைச் சட்டம்) சொந்த வளவிலும் காட்டுவிலங்குக்கு உணவிடக் கூடாது. பாட்டுப் பறவைகளுக்கு உயரத்தில் தொங்கும் தீன்கூட்டுக்கு மட்டும் இடமுண்டு, அதன் கீழ் சிந்துவதையும் கூட்ட வேண்டும். அம்மம்மாவுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம்தான். படைத்ததை உள்ளே எடுத்து வீட்டார் உண்பது என்று பல வீடுகளில் இப்போது வழக்கம் மாறிவருகிறது, அது நல்ல வழி.

கயோட்டிகள் இணைசேரும் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ரூஜ் பள்ளத்தாக்கு, ஹைலண்ட் கிறீக் ஓரத்து வளவுகளில் அப்போது பகலிலும் காணலாம். சின்ன நாயை இருட்டில் தனியே பின் வளவில் விடாதீர்கள். நகரச் சட்டப்படி கயிறு 2 மீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. இழுத்தால் நீளும் கயிற்றில் எட்டு மீற்றர் முன்னால் போகும் நாயைக் காப்பாற்ற உங்களால் முடியாது. கயோட்டியைக் கண்டால் நாயைத் தூக்குங்கள், ஓடாதீர்கள், கையை உயர்த்திச் சத்தமிட்டபடி பின்வாங்குங்கள். வெறுமனே வீதியைக் கடந்துபோனால் பரவாயில்லை. காயப்பட்டிருந்தால் அல்லது ஆட்களை நெருங்கி வந்தால் 311.

தெருப்பூனைக்கு ஒரு பெட்டி

இதற்கு இருபது முப்பது டொலரும் ஒரு பின்னேரமும் போதும். பிழை விடுவது எப்போதும் உள்ளே போடும் பொருளில்தான்.

மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, 100 லீற்றர் அளவு. உள் சுவர், அடி, மூடி எல்லாவற்றுக்கும் ஒரு அங்குலத் தடிப்பில் ஸ்டைரோஃபோம், ஊரில் ரெஜிபோம் என்போமே, அதை வெட்டிச் செருகுங்கள். வாசல் 15 சென்ரிமீற்றர் விட்டம் போதும். பெரிதாக வெட்டினால் சூடு போகும், றக்கூன் வரும். வாசலை அடிமட்டத்தில் வெட்டாமல் ஒரு சாண் உயரத்தில், நீளப் பக்கத்தின் ஓரமாக வெட்டுங்கள், பனியும் மழையும் நேரே உள்ளே வழியாது. பெட்டி பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். பூனை தன் உடற்சூட்டால்தான் அதைச் சூடாக்குகிறது, இரண்டு பூனை நெருங்கிப் படுக்கும் இடமே சரியான அளவு.

உள்ளே வைக்கோல் மட்டும். பழைய போர்வை, துவாய் போடுவது கருணை போலத் தெரியும், ஆனால் துணி ஈரத்தை உறிஞ்சி உறைந்து, பூனையின் சூட்டை இழுக்கும். உலர்புல்லும் அப்படியே, ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டும். வைக்கோல் உள்ளே வெற்றுக்குழல், தண்ணீர் வழிந்தோடும், பூனை அதற்குள் புதைந்து படுக்கும். பெட்டியில் பாதிக்கு மேல் தளர்வாக நிரப்பி, நனைந்ததை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இங்கே வைக்கோலும் உலர்புல்லும் ஒரே மாதிரிக் கட்டுகளில் வரும். மஞ்சள் தண்டு வைக்கோல், பச்சை இலை உலர்புல்.

நிலத்தில் நேரே வைக்காமல் நாலு செங்கல்லின் மேல் வையுங்கள், மூடியின் மேல் இரண்டு செங்கல் பாரம். எங்கள் பக்கக் குளிர்காற்று பெரும்பாலும் மேற்கிலும் வடமேற்கிலும் இருந்து வருவதால் வாசல் கிழக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். சுவரைப் பார்த்தபடி ஒன்றரை அடி இடைவெளி விட்டு வைப்பது இன்னும் நல்லது. பெட்டிக்குள் தண்ணீர் வைக்காதீர்கள், கொட்டினால் எல்லாம் போச்சு. உணவைத் தள்ளி வைத்து, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அந்தப் பூனைக்குக் கருத்தடை முடிந்தது. அதைப் பிடித்துக் காப்பகம் கொண்டுபோக அவசியமில்லை.

உரிமமும் தொலைதலும்

பனி வாசனைகளை மூடிவிடும். அதனால் மற்ற நாளில் தானே வீடு திரும்பும் நாயும் குளிர்காலத்தில் வழி தவறும். ரொறன்ரோவில் நாய்க்கும் பூனைக்கும் உரிமம் கட்டாயம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், கருத்தடை செய்ததற்குக் கட்டணம் குறைவு. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி ஒன்ராறியோ முழுவதும் கட்டாயம். உங்கள் நாய் யாரையாவது கடித்தால், பொதுச் சுகாதாரத் துறை அதைப் பத்து நாள் அவதானிப்பில் வைக்கும். தடுப்பூசிக் காகிதம் கையில் இருந்தால் தலையிடி பாதி குறையும்.

மைக்ரோசிப் என்பது வழிகாட்டிக் கருவி இல்லை. பதினைந்து இலக்கம் கொண்ட ஒரு எண், அவ்வளவுதான். வீடு மாறிய பின் அந்த எண்ணோடு சேர்ந்த தொலைபேசி இலக்கத்தை மாற்றாமல் விட்டால் சிப் இருந்தும் இல்லாததே. தொலைந்த அன்றே 311-இல் பதியுங்கள், அத்தோடு நிற்காமல் காப்பகத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். "மண்ணிற நாய்" என்று நீங்கள் சொல்வதும் அங்கே எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்காது. மாகாணச் சட்டப்படி குறைந்தது மூன்று நாள் வைத்திருக்க வேண்டும், கொண்டுவந்த நாளும் விடுமுறைகளும் அதில் சேராது. அதன்பின் புது வீட்டுக்குக் கொடுக்கலாம். போகும்போது அடையாள அட்டை, உரிமம் அல்லது வைத்தியரின் பற்றுச்சீட்டு, நாயோடு நீங்கள் நிற்கும் படம் கொண்டுபோங்கள். பராமரிப்புக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும்.

கரண்ட் போனால்

2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மூன்று இலட்சம் அளவு இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது, ஸ்காபரோவில் சில தெருக்களுக்கு நாட்கணக்கில். அப்படி நேர்ந்தால் கராஜிலோ வீட்டுக்குள்ளோ கரி அடுப்பு, ஜெனரேற்றர் வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டு உங்களையும் உங்கள் பூனையையும் சேர்த்தே கொல்லும். வண்ணமீன் தொட்டியைக் கம்பளியால் சுற்றி, பற்றரியில் ஓடும் காற்றுப்பம்பைப் போடுங்கள், தீனி குறையுங்கள்.

மூன்று நாள் உணவு, தண்ணீர், மருந்து, தடுப்பூசிக் காகிதத்தின் பிரதி, கயிறு, ஒரு கம்பளி ஆகியவற்றை ஒரு பையில் வாசலருகே வையுங்கள். நகரம் திறக்கும் சூட்டு மையத்துக்கு விலங்கைக் கொண்டுபோகலாமா என்று புறப்படுமுன் 311-இல் கேளுங்கள். இடமில்லை என்றால் சொந்தக்காரர் வீட்டில் யாருக்கும் பூனை மயிர் அலர்ஜியா என்பதைப் புயலுக்கு முதலே விசாரித்து வைப்பது புத்தி. பூனை தூக்கும் பெட்டியைக் கடைசி நிமிடத்தில் பேஸ்மென்றிலிருந்து எடுத்து வந்தால், அதைக் கண்டதும் பூனை கட்டிலுக்கடியில் போய்விடும். நவம்பரிலேயே அதைக் கதவு திறந்தபடி ஹோலில் வைத்து, உள்ளே பழைய சுவெற்றர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். இரண்டு கிழமையில் தானே போய்ப் படுக்கும்.